நிக்சன் தோற்ற வழக்கில் ஜெயித்தது எது?

வாட்டர்கேட்னா நமக்கு ஞாபகம் வருவது இரண்டு பத்திரிகையாளர்கள்தான். ஆனா நிக்சனின் கதையை முடித்தது 1974 ஜூலை 24 தீர்ப்பு. 64 உரையாடல்களின் ஒலிநாடாக்களை சிறப்பு வழக்கறிஞர் ஜவோர்ஸ்கி கேட்டார். அதிபரின் பேச்சு ரகசியம், தரமுடியாது என்றார் நிக்சன். உச்சநீதிமன்றம் 8-0 என ஒருமனதாக, கொடுத்தே ஆகணும்னு சொல்லிடுச்சு. அந்த எட்டு பேரில் மூணு பேர் நிக்சனே நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கரும் அதில் ஒருவர். எஃப்பிஐ விசாரணையை சிஐஏவை வைத்துத் தடுக்க அவர் சம்மதித்த நாடா வெளியே வந்தது. தீர்ப்புக்கு 16-ஆம் நாள் பதவி போச்சு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரசியல் சாசனத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத அந்த ரகசிய உரிமையை உச்சநீதிமன்றம் முதன்முதலாக அங்கீகரித்ததும் இதே தீர்ப்பில்தான். பொதுப்படையா 'ரகசியம்' என்று சொல்லி குற்றவழக்கின் சாட்சியத்தை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். ராணுவ, தூதரக ரகசியம் என்றால் கதை வேறு. நிக்சன் தோற்றார், அவர் கேட்ட உரிமை பிழைத்துக்கொண்டது.