ஆட்டோமவுண்ட்: பிணையக் கோப்பு முறைமைகளைத் தானாக இணைக்கும் முறையின் வரலாறு

ஆட்டோமவுண்ட் என்பது வேறொரு கணினியில் உள்ள கோப்பு முறைமையை, ஒரு நிரலோ பயனரோ அதை முதலில் தொடும் நேரத்தில் இணைத்து (‘மவுண்ட்’ செய்து), சிறிது நேரம் யாரும் தொடாமல் இருந்தால் தானே கழற்றிவிடும் ஏற்பாடு. யூனிக்ஸ் கணினிகளில் 1980களின் இறுதியில் தோன்றியது. லினக்ஸ் சர்வர்களில் ஆட்டோஎஃப்எஸ் என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நிர்வாகக் கையேடுகள் இதை ஒரு வசதியாகவே அறிமுகப்படுத்துகின்றன: தேவையில்லாத மவுண்ட்கள் குறையும், கையால் கட்டளை கொடுக்கும் வேலை மிச்சம். ஆனால் இது வளர்ந்த விதத்தை வரிசையாகப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது. தொலைவில் இருக்கும் சர்வர் பதில் சொல்லாமல் போனால் யார் காத்திருப்பது? இந்த ஒரு கேள்விக்கு அடுத்தடுத்துச் சொல்லப்பட்ட பதில்களாகத்தான் இதன் வரலாறு அமைந்திருக்கிறது. முதலில் கணினி முழுவதும் காத்திருந்தது. பிறகு பின்னணியில் ஓடும் நிரலான ஒரு டீமனும் அதை நம்பியிருந்த எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில், அந்தக் கோப்பைக் கேட்ட நிரல் மட்டும் காத்திருந்தால் போதும் என்ற நிலை வந்தது.

தொடக்கம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்பு முறைமை. 1984இல் உருவாகி, அடுத்த ஆண்டு சன்ஓஎஸ் 2.0 உடன் வெளிவந்தது. அதன் வடிவமைப்பை விளக்கும் கட்டுரை 1985 கோடையில் போர்ட்லாந்தில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வாசிக்கப்பட்டது. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பதுதான் அந்த வடிவமைப்பின் அச்சாணி. சர்வர் விழுந்து மறுபடி எழுந்தால், வாடிக்கையாளர் கணினி விட்ட இடத்திலிருந்து அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பும், வேலை தொடரும். இந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. சர்வர் எழும்வரை வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஹார்ட்’ மவுண்ட் என்ற இயல்பான அமைப்பில் இந்தக் காத்திருப்புக்கு எல்லையே கிடையாது. சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற செய்தி திரையில் வரும். கேட்ட நிரல் உறைந்து நிற்கும். ‘சாஃப்ட்’ மவுண்ட் செய்தால் சில முயற்சிகளுக்குப் பிறகு பிழை திரும்பிவரும். ஆனால் எழுதும் வேலையின் நடுவே அப்படிப் பிழை வந்து, நிரல் அதைக் கவனிக்காமல் விட்டால், கோப்பு அரைகுறையாக நின்றுவிடும்.

ஒரு சர்வருக்கு இது பொறுக்கக்கூடிய தொல்லைதான். பணிநிலையங்கள் பெருகி, ஒவ்வொன்றும் மற்றதன் வட்டைப் பகிரத் தொடங்கியபோது நிலைமை வேறாயிற்று. எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிய மவுண்ட்கள் எல்லாம் கணினி கிளம்பும்போதே நடந்தாக வேண்டும். இரண்டு சர்வர்கள் ஒன்றின் வட்டை மற்றது மவுண்ட் செய்திருந்தால், மின்தடைக்குப் பிறகு இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் கிளம்பாமலே நிற்கும். பின்னணியில் முயலச் சொல்லும் ‘பிஜி’ விருப்பம் இதைத் தீர்த்தது. ஆனால் கிளம்பும் நேரத்துக்கு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மறைந்திருந்த ஆபத்தை அது தொடவில்லை. தற்போதைய டைரக்டரியின் பெயரைச் சொல்லும் ‘பிடபிள்யூடி’ கட்டளை இதற்குத் தெளிவான சான்று. அந்தக் காலத்தில் அது ஒவ்வொரு படியாக மேலே ஏறி, தாய் டைரக்டரியில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். வழியில் செத்துப்போன சர்வர் ஒன்றின் மவுண்ட் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். நான் எங்கே இருக்கிறேன் என்று மட்டும் கேட்டவர், தனக்குச் சம்பந்தமே இல்லாத சர்வருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ஆட்டோமவுண்ட் தோன்றியதற்கு உண்மையான காரணம் இந்தத் தொல்லைதான் என்று கொள்வது பொருத்தம். கட்டளை அடிக்கும் சிரமம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், கிளம்பும்போது ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதுமாயிருக்கும்.

சன் நிறுவனத்தின் முதல் ஆட்டோமவுண்டரை எழுதியவர் டாம் லயன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1989 குளிர்கால யூஸ்நிக்ஸ் கட்டுரையில் பிரெண்ட் காலகன் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. தோன்றிய ஆண்டைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு: சன்ஓஎஸ் 4.0 வெளியீட்டை வைத்தால் 1988, கட்டுரையை வைத்தால் 1989. அது வேலை செய்த விதம் கெட்டிக்காரத்தனமானது. கெர்னலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், ஆட்டோமவுண்ட் டீமன் தன்னையே ஒரு என்எஃப்எஸ் சர்வராகக் காட்டிக்கொண்டு, ‘/ஹோம்’ போன்ற ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் ‘/ஹோம்/மேரி’ என்று கேட்டால், கெர்னல் அதை ஏதோ தொலைவுச் சர்வரிடம் கேட்பதாக எண்ணி, அதே கணினியில் இருக்கும் டீமனிடம் கேட்கும். டீமன் உண்மையான சர்வரிலிருந்து மேரியின் டைரக்டரியை ‘/டெம்ப்_எம்என்டி’ என்ற ஒதுக்குப்புறத்தில் மவுண்ட் செய்துவிட்டு, ‘நீ தேடுவது அங்கே இருக்கிறது’ என்று ஒரு குறியீட்டு இணைப்பைப் பதிலாகத் தரும். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கழற்றிவிடும். எந்த நேரத்திலும் ஒரு கணினியில் தொங்கும் மவுண்ட்கள் ஒரு சிலவே என்பதால், ஒரு சர்வர் விழுந்தால் அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் மட்டுமே சிக்கினார்கள்.

இதோடு சேர்ந்து வந்தது ‘மேப்’. கருவியைவிட நீண்ட ஆயுள் இதற்கே வாய்த்தது. எந்தப் பெயர் எந்தச் சர்வரில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்ற பட்டியலை என்ஐஎஸ் என்ற பிணையத் தகவல் சேவை வழியாக எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து வழங்க முடிந்தது. ஒரு பயனரின் டைரக்டரியை வேறு சர்வருக்கு மாற்றினால், பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்; நூறு எஃப்எஸ்டேப் கோப்புகளைத் தேடித் திருத்த வேண்டாம். ‘* சர்வர்:/எக்ஸ்போர்ட்/ஹோம்/&’ என்ற ஒற்றை வரியில் நட்சத்திரம் எந்தப் பெயரையும் ஏற்கும்; அந்தப் பெயரையே ‘&’ குறி வலப்பக்கத்தில் நிரப்பும். ஆயிரம் பேருக்கும் அந்த ஒரு வரி போதுமானது. படிக்க மட்டுமான கோப்புகளுக்குப் பல சர்வர்களைப் பட்டியலிடலாம். டீமன் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்து, முதலில் பதில் தந்ததை எடுத்துக்கொள்ளும். இதுவும் காத்திருப்பைக் குறைக்கும் ஏற்பாடுதான்.

ஆனால் முதல் பதிப்பு காத்திருப்பை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியது. டீமன் ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்யும். பதில் தராத ஒரு சர்வரை மவுண்ட் செய்ய முயலும்போது, நன்றாக இயங்கும் சர்வர்களைக் கேட்டவர்களும் அதன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ‘/டெம்ப்_எம்என்டி’ தந்த தலைவலி இன்னொரு வகை. டைரக்டரியின் பெயரைக் கேட்ட நிரல்களுக்கு அந்த ஒதுக்குப்புறப் பாதையே கிடைத்தது. அதைக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டன. ஐந்து நிமிடம் கழித்து மவுண்ட் கழன்ற பிறகு அந்தப் பாதையில் போனால், இடையில் டீமன் உட்கார்ந்திருக்கும் வாசலே கிடையாது. மறுபடி மவுண்ட் ஆகாது. கோப்பு இல்லை என்று பதில் வரும். அரைமணி நேரத்துக்கு முன் வேலை செய்த பாதை இப்போது ஏன் வேலை செய்யவில்லை என்பதைப் பயனருக்கு விளக்குவது எளிதாக இருந்திருக்காது.

இந்த இரண்டு குறைகளில் முதலாவதை எடுத்துக்கொண்டது ‘ஏஎம்டி’.  லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜான்-சைமன் பெண்ட்ரி இதை 1989 டிசம்பரில் வெளியிட்டார். பிறகு பெர்க்லியின் 4.4பிஎஸ்டியில் இடம்பெற்றது. ஒரு சர்வரின் பதிலுக்காகத் தான் நின்றுவிடாமல், சர்வர்களை அவ்வப்போது தட்டிப் பார்த்து, எது உயிரோடு இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டது இது. 1990களின் பிற்பகுதியிலிருந்து எரெஸ் ஸடோக் ‘ஏஎம்-யூட்டில்ஸ்’ என்ற தொகுப்பாக இதைப் பேணிவந்தார்.

இரண்டாவது குறையைத் தீர்க்கக் கெர்னலுக்குள் போக வேண்டியிருந்தது. காலகனும் சதீந்தர் சிங்கும் 1993 கோடை யூஸ்நிக்ஸில் விவரித்த ஆட்டோஎஃப்எஸ், ஒரு சிறு போலிக் கோப்பு முறைமையாகக் கெர்னலில் உட்கார்ந்தது. தொட்டவரை அதுவே நிறுத்திவைக்கும். டீமனிடம் மவுண்ட் செய்யச் சொல்லும். மவுண்ட் கேட்ட இடத்திலேயே நடக்கும். குறியீட்டு இணைப்பும் இல்லை, ‘/டெம்ப்_எம்என்டி’யும் இல்லை. மவுண்ட் ஆனபின் டீமனுக்கு அந்தப் போக்குவரத்தில் பங்கில்லை. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 2 வரிசையில் எந்தப் பதிப்பில் இது முதலில் வந்தது என்பதில் குறிப்புகள் ஒன்றுபடவில்லை. 1992க்கும் 1993க்கும் இடையில் என்று கொள்ளலாம். ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ், பின்னாளில் மேக் ஓஎஸ் எக்ஸ் ஆகியவை இந்த வழியையே பின்பற்றின.

லினக்ஸ் இதே யோசனையைத் தனியாக எழுதிக்கொண்டது. 1997 அளவில் எச். பீட்டர் ஆன்வின் எழுதிய ஆட்டோஎஃப்எஸ் கெர்னலுக்குள் வந்தது. ஜெரமி ஃபிட்ஸ்ஹார்டிங் அதை வளர்த்து நான்காம் பதிப்பாக்கினார். அதற்குப் பிந்தைய நீண்ட பராமரிப்பு இயன் கென்ட் உடையது. அந்த நிரலில் ‘ஆஸ் நிலை’ என்று ஒரு சோதனை உண்டு. மவுண்ட் ஆகாத இடத்தைத் தொடும் எல்லாரையும் நிறுத்த வேண்டும், ஆனால் மவுண்ட் செய்யப்போகும் டீமனும் அதே இடத்தைத் தொட்டாக வேண்டுமே? அதனால் தொட்டவர் டீமனின் செயல்முறைக் குழுவைச் சேர்ந்தவரா என்று கெர்னல் பார்க்கும். ஆம் என்றால் மாயம் எதுவும் காட்டாமல் உள்ளே விடும். இல்லாவிட்டால் டீமன் தனக்காகத் தானே காத்திருக்கும். இக்கட்டுரை சொல்லும் கேள்வி ஒரு சிறிய ‘இஃப்’ சோதனையாகச் சுருங்கி நிற்கும் இடம் அது. நான்காம் பதிப்பு வரை மவுண்ட் புள்ளிக்கு ஒன்றாகப் பல டீமன்கள் ஓடின. 2007இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 5 உடன் பரவிய ஐந்தாம் பதிப்பில் பல இழைகள் கொண்ட ஒரே டீமன் ஆயிற்று. முழுப் பாதைகளையே தனித்தனி மவுண்ட் புள்ளிகளாக்கும் சோலாரிஸ் வகை நேரடி மேப்புகளும் ஒழுங்காக வேலை செய்தன.

ஐந்தாம் பதிப்பின் செய்தி வடிவத்தில் இருந்த ஒரு கோளாறு டீமனையே காத்திருக்க வைத்ததால், அதை விரிவாகச் சொல்ல வேண்டும். கெர்னல் குழாய் வழியே டீமனுக்கு அனுப்பும் செய்தி 32 பிட் கணினியில் 300 பைட்; 64 பிட்டில் சீரமைப்பு விதியால் 304 பைட். 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் நிரல் ஓடினால் நாலு பைட் மிச்சமாகி, அடுத்த செய்தி குழம்பும். ஆட்டோமவுண்ட் டீமன் இதைத் தன் பக்கத்திலேயே உணர்ந்து 304 என்று படித்துவந்தது. கணினி கிளம்புவதை நடத்தும், இதே ஆட்டோஎஃப்எஸ்ஸைப் பயன்படுத்தும் சிஸ்டம்டி அப்படிச் செய்யவில்லை. 2012 தொடக்கத்தில் கெர்னல் பக்கம் அளவைத் திருத்தியபோது சிஸ்டம்டி சரியாயிற்று. பழைய டீமனோ வராத நாலு பைட்டுக்காக நின்றது. கடைசியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் 3.4இல் குழாயையே பொட்டலம் பொட்டலமாகத் தரும்படி மாற்றினார். ஒரு பொட்டலத்தில் படிக்காமல் விட்டது தானாகக் கழிந்துவிடும். இரு தரப்பும் எதையும் மாற்றாமல் பிழைத்தன. குழாயின் அந்தப் புதிய இயல்பு மற்ற நிரல்களுக்கும் திறந்துவிடப்பட்டு இன்றும் இருக்கிறது.

ஆட்டோமவுண்ட் காத்திருப்பைக் கேட்டவரோடு நிறுத்துகிறது என்ற இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு. இணைக்கப்பட்டுவிட்ட ஹார்ட் மவுண்டில் சர்வர் விழுந்தால் ஆட்டோமவுண்டும் காப்பாற்றாது என்பது முதலாவது. அது உண்மை. ஆனால் கேட்டவர் காத்திருப்பதும், கேட்காதவர் காத்திருப்பதும் ஒன்றல்ல. ஆட்டோமவுண்ட் காப்பது இரண்டாமவரை. டீமன் என்ற இன்னொரு கெடக்கூடிய பொருளைச் சேர்க்கிறோம் என்பது அடுத்தது. கெர்னலுக்குள் போன பிறகு இந்த மறுப்பு பெரிதும் வலுவிழந்துவிட்டது: டீமன் நின்றாலும், ஏற்கெனவே நடந்த மவுண்ட்கள் வேலை செய்யும். மூன்றாவதுதான் கனமானது: தொட்டாலே மவுண்ட் ஆகும் என்றால், எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் நிரல்கள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மவுண்ட்களைக் கிளப்பிவிடும். தேடலுக்காகக் கோப்புப் பெயர்களைத் திரட்டும் ‘அப்டேட்டிபி’ தன் விலக்குப் பட்டியலில் ஆட்டோஎஃப்எஸ்ஸையும் சேர்த்திருப்பதும், மேப்பில் உள்ள பெயர்களை முன்கூட்டிக் காட்டும் ‘பிரௌஸ்’ நிலை வழக்கமாக அணைத்து வைக்கப்படுவதும் இந்தப் பயத்தால்தான். இந்த மறுப்பு முற்றிலும் தீரவில்லை. கழற்றும் காலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் உடன்பாடு இல்லை: லினக்ஸ் நிரலின் உள்ளே 10 நிமிடம், அதோடு வரும் அமைப்புக் கோப்போ அதை 5 நிமிடமாக்குகிறது.

பின்னாளைய மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010இல் வந்த சிஸ்டம்டி அதே கெர்னல் ஆட்டோஎஃப்எஸ்ஸைக் கையாண்டு, கணினி கிளம்பும்போது மவுண்ட்களுக்காக நிற்காமல் மற்ற வேலைகளைத் தொடர்ந்தது. 2011இல் லினக்ஸ் 2.6.38 கோப்பு முறைமைகளே தம் உட்பிரிவுகளைத் தாமாக மவுண்ட் செய்துகொள்ள வழி தந்தது. கண்டெய்னர்களுக்குள் ஆட்டோஎஃப்எஸ் சரியாகப் பரவாதபோது, குறியீட்டு இணைப்பே இல்லாத இடத்தில் இணைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்ற பிழை வருகிறது.

சிஸ்டம்டியில் நட்சத்திர மேப்புக்கு இணையான வசதி இல்லை. ஆகவே நாலைந்து மவுண்ட்கள் மட்டுமே உள்ள சர்வருக்கு எஃப்எஸ்டேப் வரியில் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் விருப்பத்தைச் சேர்த்தால் போதும். பல நூறு பயனர்களின் ஹோம் டைரக்டரிகள் பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் இடத்தில், எல்டாப் டைரக்டரிச் சேவையில் மேப்பை வைத்து ஆட்டோஎஃப்எஸ் ஓட்டுவதே இன்றும் ஏற்ற வழி.