ஒரு தந்தையின் வழக்கும் இலவசப் படங்களின் வரலாறும்



பயிற்றுத் துணைப்பொருளுக்கோ பள்ளி ஆண்டிதழுக்கோ படம் வேண்டுமெனில், நம்மில் பலர் கூகளில் ஒரு சொல்லைத் தட்டி, வந்தவற்றுள் அழகானதை எடுத்துக்கொள்கிறோம். இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. முறைப்படி எடுத்தாளத்தக்க இலவசப் படங்களோ இன்று கோடிக்கணக்கில் உள்ளன. அதற்கு வழிகோலியவருள் ஒருவர், பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று கவலைப்பட்ட ஒரு தந்தை. அந்த வரலாற்றை எழுத நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அமெரிக்கரான எரிக் எல்ட்ரெட், தம் மகள்களுக்குப் பழைய இலக்கியத்தில் நாட்டம் வரவேண்டும் என்று விரும்பி, 1990களில் உரிமைக்காலம் முடிந்த நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார். 1923-இல் வெளிவந்த ராபர்ட் பிராஸ்டின் 'நியூ ஹாம்ப்சயர்' கவிதைத் தொகுதியையும் ஏற்ற விரும்பினார். அன்றைய சட்டப்படி 75 ஆண்டுகள் நிறைந்து, 1999 சனவரி முதல் நாள் அது பொதுச்சொத்தாகியிருக்க வேண்டும். ஆனால் 1998 அக்டோபரில் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டிவிட்டது. 1928-இல் திரைக்கு வந்த மிக்கி மவுசுக்கும் அதனால் ஆயுள் நீண்டது. 'மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்' என்றே பலர் அதனை எள்ளினர்.

எல்ட்ரெட் வழக்குத் தொடுத்தார். சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் அவருக்காக வாதாடினார். 2003 சனவரியில் உச்ச நீதிமன்றத்தில் எழுவர் எதிராகவும் இருவர் ஆதரவாகவும் தீர்ப்பளிக்க, வழக்குத் தோற்றது.

என் பார்வையில் அத்தோல்வியினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2001-இல், லெசிக்கும் எல்ட்ரெட்டும் வேறு சிலரும் சேர்ந்து கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பைத் தோற்றுவித்தனர். சட்டம் விடுவிக்காவிட்டாலும், படைத்தவர் தாமே மனமுவந்து தம் உரிமையில் ஒரு பகுதியை விட்டுத்தரலாமே என்பது அவர்கள் கண்ட வழி. முதல் உரிமங்கள் 2002 திசம்பரில், தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னர் வெளியாயின. 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் களஞ்சியம் இவ்வுரிமங்களின் துணையோடு வளர்ந்து, இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளைக் கொண்டுள்ளது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் ஏறத்தாழ 3,75,000 படங்களை எந்த நிபந்தனையுமின்றித் திறந்துவிட்டது.

எல்லா உரிமமும் ஒன்றல்ல. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று. மாற்றக்கூடாது என்பது இன்னொன்று. வணிகத்துக்கு ஆகாது என்பது மற்றொன்று. இக்கடைசி வகைதான் நமக்குச் சிக்கல் தருவது. கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கி, விலைவைத்து விற்கும் ஆண்டிதழ் வணிகமா, இல்லையா? ஐயத்திற்கிடமான அவ்விடத்தில் வேறு படம் தேடுவதே என் வழக்கம். படத்தின் கீழ் எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், கிடைத்த இடம் மூன்றையும் மாணவர்களையே எழுதச் சொல்கிறேன்.

அறிவியல் பாடத்திற்கு நாசாவின் படங்கள் பெரிதும் உதவும். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர் பணியின்பொருட்டு எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. நாசாவின் சின்னத்தை மட்டும் விருப்பம்போல் பயன்படுத்தலாகாது.

எல்ட்ரெட் காத்திருந்த கவிதைத் தொகுதி 2019 சனவரி முதல் நாள்தான் விடுதலை பெற்றது. மிக்கி தோன்றிய முதல் படங்கள் 2024-இல் அந்நாட்டில் பொதுச்சொத்தாயின. நம் பாலர் பள்ளிச் சுவர்களில் சிரிக்கும் வண்ண மிக்கி பிற்கால உருவம். அதற்கு இது பொருந்தாது.

அந்த 20 ஆண்டு நீட்டிப்பு நம் பக்கமும் வந்தது. 2003-இல் அமெரிக்காவுடன் தடையற்ற வணிக உடன்பாடு செய்துகொண்ட சிங்கப்பூர், மறு ஆண்டே படைப்பாளர் மறைவுக்குப் பிந்தைய உரிமைக்காலத்தை 50-இலிருந்து 70 ஆண்டுகளாக்கியது. மலேசியாவில் அது இன்றும் 50 ஆண்டுகளே. 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் சரஸ்வதி ஓவியத்தை இரு நாட்டிலும் தாராளமாக அச்சிடலாம். 1970-இல் மறைந்த ஓவியர் ஒருவரின் படமோ இங்கே 2021-இலேயே பொதுவாகிவிட்டது. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் பாடம் நடத்தும் தோழர் அதற்கு 2041 வரை காத்திருக்க வேண்டும்.