ஒரு பக்கம் இழுக்கும் வண்டி

சிங்கப்பூரின் சீனர் வட்டாரத்துக்கு மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்று பெயர். கிரேத்தா என்பது வண்டி. ஆயர் என்பது தண்ணீர். ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணற்று நீரை மாட்டு வண்டிகள் ஊருக்குள் சுமந்து வந்த காலத்தில் எழுந்த பெயர் அது. இன்று மலாய்ப் பேச்சில் கிரேத்தா என்றவுடன் நினைவுக்கு வருவது மோட்டார் கார். சொல் நிலைத்திருக்க, வண்டி மாறிவிட்டது. வண்டியோடு அதன் நோய்களின் காரணங்களும் மாறின. நேரே செல்ல வேண்டிய வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது அந்நோய்களுள் ஒன்று.

சிராங்கூன் சாலையை ஒட்டிய எருமைச் சாலை, கெர்பாவ் சாலை, கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர்கள் யாவும் கால்நடைத் தொழுவங்களின் நினைவுகளே. அங்கே மாடு வளர்த்தோரிலும் வண்டி ஓட்டியோரிலும் தமிழர் பலர். மாட்டு வண்டி ஒரு பக்கம் இழுத்தால் வண்டிக்காரன் முதலில் சக்கரத்தைப் பார்ப்பதில்லை, மாட்டைப் பார்ப்பான். வலத்தை மாடு வலிமையுடையதாகவும் இடத்தை மாடு சோர்ந்ததாகவும் இருந்தால், நுகத்தின் வலப்புறம் முந்தும். வண்டி இடப்பக்கம் திரும்பும். அதாவது, எந்தப் பக்கம் தளர்ச்சியோ அந்தப் பக்கமே வண்டி போகும். அச்சு பழுதாவதும் உண்டு. உப்பு வணிகர் வழிப்பயணத்தில் சேம அச்சு ஒன்றை வண்டியின் கீழ்க் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் வாக்கால் அறிகிறோம். மாற்றுச் சக்கரத்தைப் பின்புறம் வைத்துச் செல்லும் கார்க்காரருக்கு அவ்வணிகரே முன்னோடிகள்.

மோட்டார் கார் சிங்கப்பூருக்கு 1896இல் வந்தது. காட்ஸ் சகோதரர்கள் என்னும் வணிக நிலையத்தார் பென்ஸ் வண்டியைத் தருவித்தனர். சிங்கப்பூரின் பழங்கதைகளைத் தொகுத்து 1902இல் நூலாக வெளியிட்ட சார்லஸ் பர்ட்டன் பக்லி அக்காலத்தில் ஓட்டிய காருக்குக் 'காப்பி இயந்திரம்' என்று மக்கள் பெயரிட்டனர். அது எழுப்பிய ஓசை அத்தகையது போலும்.

மாடு போனபின் வண்டியை நேரே செலுத்துவது எது? இக்கேள்வி பென்ஸையே தடுமாறச் செய்தது. 1886இல் அவர் காப்புரிமை பெற்ற முதல் காருக்கு மூன்றே சக்கரங்கள். இரு முன்சக்கரங்களைத் திருப்பும் நல்ல வழி அவருக்கு அப்போது அகப்படவில்லை. வளைவில் உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்வதால், இரண்டும் வெவ்வேறு அளவில் திரும்ப வேண்டும். மியூனிக் நகரத்து வண்டி வினைஞர் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டிருந்தார். இங்கிலாந்தில் 1818இல் அவர் சார்பில் காப்புரிமை பெற்ற ஆக்கர்மன் என்பாரின் பெயரே அம்முறைக்கு நிலைத்துவிட்டது. கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்! பென்ஸ் 1893இல்தான் தம் வண்டிக்கு இவ்வகை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆயினும் வண்டி பழுதின்றியே இழுப்பதும் உண்டு. அதற்குக் காரணம் சாலை. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள் சிங்கப்பூரின் சாலைகள் பலவற்றை அமைத்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் சாலையின் நடுவை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்தாவிட்டால் நீர் தேங்கும். 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குல உயர்வு போதும் என்பது ஸ்காட்லாந்தின் மெக்காடம் கண்ட கணக்கு. இடப்புறம் ஓட்டும் ஊரில் அச்சரிவு வண்டியை இடப்பக்கமே மெல்ல ஒதுக்கும். ஆகவே ஒரு சாலையில் ஓட்டிப் பார்த்துக் காரைக் குற்றம் கூறுதல் அவசரம். சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் கதை வேறு. தொடக்கத்துக் கார்களுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கும் வழக்கம் 1920களில் பரவியது. ஃபோர்டு நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையை நிறுவிற்று. அக்கால ஃபோர்டு கார்களின் பிரேக்குகள் இரும்புக் கம்பிகளால் இயங்கின. எண்ணெய் அழுத்த பிரேக்கை அந்நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாதிரியில்தான் ஏற்றது. அதுவரை நான்கு கம்பிகளையும் ஒரே இறுக்கத்தில் வைப்பது மெக்கானிக்கின் கைத்திறன். ஒன்று தளர்ந்தால் பிரேக் மிதித்தவுடன் வண்டி ஒருபுறம் பாயும். அத்தகைய விபத்தில் முதலில் பழி சுமப்பவன் ஓட்டுநன். குதிரைக்காரனைக் குறித்த 'சைஸ்' என்னும் சொல்லே கார் ஓட்டுநனுக்கும் மலாயாவில் வழங்கியது. குதிரை மிரண்டாலும் கம்பி தளர்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் அவனே.

இங்கே மாட்டு வண்டியின் கணக்கு தலைகீழாகிறது. மாட்டு வண்டி தளர்ந்த பக்கம் போகும். பிரேக் பிடித்த கார் தளர்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். இடப்புறம் இழுத்தால் வலப்புற பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். இதை மறந்து இடப்புறச் சக்கரத்தைப் பிரித்துப் போட்டவர் வீண் செலவு செய்தவராவர். பிரேக் மிதிக்காதபோதும் இழுக்கிறதா? சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், உட்புறம் நைந்து அடைபட்ட பிரேக் ரப்பர் குழாய் எண்ணெயைத் திரும்ப விடாமல் தடுத்திருக்கலாம். அங்கே பிரேக் விடாமல் பற்றியிருக்கும்.

புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலை 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. சில மாதங்களுக்குள், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த இடமும் அதுவே. போருக்குப் பின் மீண்டும் கார்கள் அங்கே உருவாயின, 1980இல் மூடப்பட்டது. இன்று அது போர்க்கால நினைவுக் காட்சியகம்.

அத்தொழிற்சாலை இயங்கிய காலத்திலேயே டயரும் மாறிற்று. பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946இல் உருவாக்கிய ரேடியல் டயர் மெல்ல எங்கும் பரவியது. நெடுநாள் உழைக்கும் அந்த டயருக்கு ஒரு குறை உண்டு. உள்ளே சுற்றிய பட்டை சற்றே ஒதுங்கியிருந்தால், டயர் கூம்பு போல உருண்டு ஒரு பக்கமே இழுக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

ஆகையால் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதே முதல் வேலை. காற்றுக் குறைந்த டயரின் பக்கம் கார் சாயும். காற்றுச் சரியாயின், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்ட வேண்டும். ஒரே திசையில் மட்டும் சுழலத்தக்க டயர்களை இவ்வாறு மாற்றலாகாது. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாது பழைய பக்கமே நீடித்தால் டயர் குற்றமற்றது. அப்போதுதான் முன்சக்கரத் தாங்கி பின்னோக்கிச் சாய்ந்த கோணமாகிய காஸ்டரையும், சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்த கேம்பரையும் அளவுக் கருவியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். காஸ்டர் குறைந்த பக்கம் கார் இழுக்கும். மேற்புறம் வெளியே சாய்ந்த சக்கரத்தின் பக்கமும் இழுக்கும்.