பள்ளிக்கு வெளியே ஒரு வழி: 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவும் செங்கல்பட்டு ஜில்லாச் சிறாரும்

காலனிய இந்தியாவில் குற்றம் செய்த சிறாரைப் பற்றி எழுதுவோர், சதத்ரு சென் 2005இல் வெளியிட்ட 'கலோனியல் சைல்ட்ஹுட்ஸ்' நூலைக் கடந்துபோக முடியாது. சிறுவனைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையும், அவன் ஏற்கெனவே உருக்கொண்டுவிட்ட சுதேசிதான் என்ற ஐயமும் சீர்திருத்தப் பள்ளிக்குள் மோதிக்கொண்டதை அவர் காட்டுகிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நோக்கு பெரும்பாலும் பள்ளிச் சுவர்களுக்குள்ளேயே நிற்கிறது. பள்ளி ஆண்டறிக்கை எழுதியது, பதிவேடு வைத்தது. எச்சரித்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. ஆவணம் குவிந்த இடத்தையே வரலாறு நிகழ்ந்த இடமாகக் கொள்ளும் பிழை இந்த வாசிப்பில் ஒளிந்திருக்கிறது.

1897ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டத்தின் 31ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். பள்ளிக்கு அனுப்புவதற்குப் பதிலாக, நீதிமன்றம் சிறுவனைக் கண்டித்து விடுவிக்கலாம். அல்லது பெற்றோர், காப்பாளர், நெருங்கிய உறவினர் ஆகியோரில் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அவர் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்கு அவனது நன்னடத்தைக்குப் பொறுப்பேற்றுப் பிணைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். பள்ளியிலோ மூன்றாண்டுக்குக் குறையாமல், ஏழாண்டு வரை அடைத்து வைக்கலாம். இதைவிட முக்கியமானது இரண்டாம் உட்பிரிவு. சட்டத்தின் பொது வரையறைப்படி 'இளங்குற்றவாளி' என்பவன் பதினைந்து வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளை மட்டுமே. இந்தப் பிரிவுக்கு மட்டும் சிறுமியும் சேர்க்கப்படுகிறாள். பள்ளியில் இடமில்லாத சிறுமி, மாற்றுவழியின் மூலமாகவே இச்சட்டத்துக்குள் வருகிறாள். மாற்றுவழி பள்ளியின் வெறும் ஒட்டு என்றால், பள்ளியின் எல்லையைத் தாண்டி அது ஏன் விரிய வேண்டும்? சட்டம் இயற்றியவர்கள் அதைத் தனித்த தண்டனை முறையாகவே கருதினார்கள் என்பது என் துணிபு.

இதற்கு மறுப்புகள் உண்டு. 1864ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த கசையடிதான் அன்றைய உண்மையான மாற்றுவழி என்பார்கள். அது 1955இல்தான் ஒழிந்தது என்பதால் இவ்வாதம் வலுவானதே. இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. 31ஆம் பிரிவின் அதிகாரம், பள்ளிக்கு அனுப்ப 8ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற நீதிமன்றங்களுக்கே உரியது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அவ்வூர்ச் சிறுவன் களத்து நெல்லைத் திருடியதாக, அவ்வதிகாரம் பெறாத கீழ்நிலை மாஜிஸ்திரேட் முன் நின்றிருந்தால், அவனை எச்சரித்து அனுப்ப அவரால் ஆகியிராது. வழக்கு ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் போயாக வேண்டும். 1887இல் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளியோ அதே ஜில்லாவின் செங்கல்பட்டில்தான் இருந்தது. அப்படியானால் கருணைக்கான பாதை கோப்புகள் வழியாகச் சுற்றிச் சென்றது. ஆனாலும் பாதை குறுகலாக இருந்தது என்பது பாதையே இல்லை என்பதற்குச் சான்றாகாது. பிணைப் பத்திரத்துக்கு ஜாமீன்தாரரைக் கேட்பதும் விடுவதும் நீதிமன்றத்தின் விருப்பம் என்பதால், சொத்தில்லாத குடும்பத்துக்கும் அது அடைபட்டிருக்கவில்லை.

1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது; அதன் சிறப்பு நன்கு அறியப்பட்டதே. நான் சொல்வது அதற்கு முந்தைய அடுக்கைப் பற்றி. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புதல், குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைப் பிணை ஆகியவை உள்ளன. சிறப்பு இல்லத்தில் வைப்பது கடைசிப் புகல் என்பது அதே சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு. பிணையின் உருவம் 1897ஐ அப்படியே நினைவூட்டுகிறது. ஆனால் பிணையின் உச்சக் காலம் மூன்றாண்டாகியிருக்கிறது. நன்னடத்தையோடு சிறாரின் நலனுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. இந்த இரு மாற்றங்களும் 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்திலேயே உண்டு. இடைப்பட்ட மாநிலச் சட்டங்களில் ஏதேனும் ஒன்றில் அவை முதலில் நுழைந்திருக்கலாம். 31ஆம் பிரிவு இந்திய மண்ணில் முளைத்தது என்றும் நான் வாதிடவில்லை. முதல்முறைக் குற்றவாளிகளை நன்னடத்தையின் பேரில் விடும் சட்டம் இங்கிலாந்தில் 1887லேயே வந்துவிட்டது. ஆயினும் மாற்றுவழியைப் பிற்காலத்துச் சேர்க்கையாகக் கொள்ளும் காலவரிசையை, சிறுமிக்காக எழுதப்பட்ட அந்த உட்பிரிவு ஏற்க விடாது.