ஓய்வூதியத்தில் எழுதாத நிலம்: பிரிட்டிஷ் கூர்க்காக்களின் வதிவுரிமையும் நேபாளச் சொத்துரிமையும்

1947 நவம்பர் 9 அன்று காத்மாண்டுவில் பிரிட்டன், இந்தியா, நேபாளம் ஆகிய மூன்று அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பெரும்பாலோர் படைப் பிரிவினையின் ஆவணமாகவே படிக்கிறார்கள். பத்து கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் 2, 6, 7, 10 ஆகிய நான்கும் பிரிட்டனுக்குப் போயின; மற்ற ஆறும் இந்தியாவிடம் இருந்தன. அந்த ஏற்பாட்டில் அதிகம் பேசப்படாத இரண்டு கூறுகள் உண்டு. வீரர் நேபாளக் குடிமகனாகவே சேர்க்கப்படுவார், அப்படியே பணியாற்றுவார், பணி முடிந்ததும் நேபாளக் குடிமகனாகவே ஊரில் குடியமர்த்தப்படுவார் என்பது ஒன்று. அவருடைய ஊதியமும் ஓய்வூதியமும் இந்திய ராணுவ விகிதத்தை ஒட்டியே அமையும் என்பது மற்றொன்று.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கணக்கு புலப்படும். பதினைந்து ஆண்டுப் பணிக்குப் பிறகு, முப்பதுகளின் தொடக்கத்திலேயே கிடைத்த அந்தச் சிறிய ஓய்வூதியம், அதை மட்டும் கொண்டு ஒரு குடும்பம் பிழைக்கட்டும் என்று வகுக்கப்பட்டதல்ல. மலைக்கிராமத்தில் ஒரு வீடும், சோளமும் கேழ்வரகும் விளையும் கொஞ்சம் நிலமும் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் வகுக்கப்பட்டது. நிலம் அந்த ஓய்வூதியத்தின் எழுதாத மறுபாதி. அரை நூற்றாண்டு கழித்து வீரர்கள் பிரிட்டனில் வாழும் உரிமையை வென்றபோது இந்த மறுபாதிக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கே பார்க்கலாம்.

கூர்க்கா படையின் தலைமையிடம் 1997 வரை தூரக் கிழக்கிலேயே இருந்தது. மலாயாவின் அவசரநிலைக் காலம், போர்னியோ மோதல், பிறகு ஹாங்காங் எல்லைக் காவல் என அவர்களின் பணிக்காலம் கழிந்தது. இங்கிலாந்தில் அவர்கள் தங்கியது குறுகிய காலம்தான். 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட, படையின் தளம் இங்கிலாந்துக்கு மாறியது. அந்தத் தேதி பின்னர் ஒரு பிரிகோடாக மாறியது. 2004 செப்டம்பரில் டோனி பிளேர் அரசு, 1997 ஜூலை 1-க்குப் பின் ஓய்வு பெற்று, குறைந்தது நான்கு ஆண்டு பணியாற்றியவர்களுக்கு நிரந்தர வதிவுரிமை கோர வழிவிட்டது. அதற்கு முந்தைய நாள் வரை ஓய்வு பெற்றவர்கள், பிரிட்டனோடு நெருங்கிய பிணைப்பு இருப்பதைத் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்த அளவுகோலின் அபத்தத்தைக் காட்ட துல் பகதூர் புன் ஒருவரே போதும். 1944 ஜூனில் பர்மாவின் மொகாங்கில், தன் பிரிவினர் வரிசையாக வீழ்ந்த பிறகு பிரென் துப்பாக்கியோடு தனியே முன்னேறி ஜப்பானிய நிலையொன்றைப் பிடித்தவர். அதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர். முதுமையில், நோயோடு, இங்கிலாந்தில் சிகிச்சை பெற்று வாழ அவர் விண்ணப்பித்தபோது போதிய பிணைப்பு இல்லை என்று மறுத்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் 2007-இல் அந்த முடிவு மாற்றப்பட்டது. மன்னரின் பெயரால் தரப்படும் ஆக உயர்ந்த வீர விருது பிணைப்பில் சேராதாம்!

2008 செப்டம்பர் 30 அன்று லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி பிளேக் அளித்த தீர்ப்புதான் திருப்புமுனை என்பது என் மதிப்பீடு. தூரக் கிழக்கில் நிறுத்தியது அரசு. இங்கிலாந்தில் வேரூன்ற விடாததும் அரசே. பிறகு வேர் எங்கே என்று அதே அரசு கேட்பது முறையல்ல என்ற வாதம் அங்கே செல்லுபடியானது. கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவிக்கப்பட்டது. அரசு பணிந்தும் பணியாமலும் 2009 ஏப்ரல் 24 அன்று புதிய விதிகளை வெளியிட்டது. இருபது ஆண்டுப் பணி, வீர விருது, பணியால் வந்த நீடித்த நோய் போன்றவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும் என்றார்கள். சாதாரணச் சிப்பாய் பதினைந்து ஆண்டில் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுவார். இருபது ஆண்டு என்பது அவர் கைக்கு எட்டாத படி. ஐந்தே நாளில், ஏப்ரல் 29 அன்று, மக்களவையில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் தீர்மானம் 267-க்கு 246 என்று அரசைத் தோற்கடித்தது. மே 21 அன்று, 1997-க்கு முன் ஓய்வு பெற்றவர்களில் நான்கு ஆண்டு பணியாற்றிய அனைவருக்கும் வழி திறந்தது. பத்திரிகைகள் இந்த வெற்றியை, அதற்காகப் பிரசாரம் செய்த நடிகை ஜோன்னா லம்லியின் பெயரில் எழுதின. அவருடைய தந்தை 6-ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் அதிகாரி, புன்னும் அதே ரெஜிமென்ட்டுக்காரர் என்பதால் கதை அழகாக அமைந்துவிட்டது. 1990 முதல் காத்மாண்டுவிலிருந்து இயங்கிய முன்னாள் வீரர் சங்கத்தின் நீண்ட உழைப்பு அந்த அழகில் மறைந்துபோனது.

இதுவரை சொன்னது பலரும் அறிந்த பாதிக் கதை. லண்டனில் யாரும் அக்கறை காட்டாத மறுபாதி நேபாளச் சட்டத்தில் இருக்கிறது.

பிரிட்டன் இரட்டைக் குடியுரிமையை ஏற்கும், நேபாளம் ஏற்காது. 2006-ஆம் ஆண்டின் நேபாளக் குடியுரிமைச் சட்டப்படி, விரும்பி வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரின் நேபாளக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடும். வெளிநாட்டவர் அங்கே அசையாச் சொத்து வைத்துக்கொள்வதையும் சட்டம் தடுக்கிறது. நிலத்துக்கான சான்று லால்புர்ஜா. நம்மூர்ப் பட்டா மாதிரி. அதை வாங்க, விற்க, பெயர் மாற்ற மால்போத் எனப்படும் நில வருவாய் அலுவலகத்துக்குப் போக வேண்டும்; போனால் முதலில் கேட்கப்படுவது நாகரிக்தா, அதாவது குடியுரிமைச் சான்று. நேபாள நகரங்களான தரானிலும் பொக்ராவிலும் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டிய முன்னாள் வீரருக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வரும் நாளில் இந்தச் சான்று செல்லாக்காசு.

பாஸ்போர்ட் வாங்காமல் நிரந்தர வதிவுரிமையோடு நின்றுகொள்ளலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளியே தங்கினால் அந்த உரிமை பொதுவாகக் காலாவதியாகும். ஏழை முதியவருக்கான உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட்டை நம்பி இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் ஓர் அறையில் வாழ்பவருக்குக் கயிறு இன்னும் குட்டை: 2016 முதல், சில விலக்குகள் நீங்கலாக, நான்கு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் தொகை நின்றுவிடும். நெல் நடவுக்கு ஊருக்குப் போனவர் அறுவடை வரை இருக்க முடியாது. ஆக, நிலத்தைக் காப்பாற்ற நேபாளியாகவே இருப்பவர் அந்த நிலத்தில் வாழ முடியாமலும், எவ்வளவு காலம் வெளியே தங்கினாலும் வதிவுரிமை போகாத பாஸ்போர்ட்டை வாங்கியவர் அதை வைத்திருக்க முடியாமலும் ஆனார்கள்.

கிராமத்து நிலத்தை நம்பி வகுத்த ஓய்வூதியமாவது இந்த மாற்றத்தோடு மாறியதா? 1997-க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு 2007-இல் பிரிட்டிஷ் திட்டத்துக்கு மாறும் வாய்ப்பு தரப்பட்டது. முந்தையவர்களுக்கு இல்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அந்த வேறுபாட்டை நியாயம் என்றது. பழைய தலைமுறை பணியாற்றிய காலத்தில் பிரிட்டனோடு அவர்களுக்குப் பிணைப்போ, அங்கே குடியேறும் எதிர்பார்ப்போ இல்லை என்பது காரணங்களில் ஒன்று. லண்டனில் 2008-இல் தோற்ற பிணைப்பு வாதம், ஓய்வூதிய வழக்கில் இப்படி உயிர்பெற்று வென்றது. 2021 ஆகஸ்டில் பிரதமர் இல்லத்துக்கு எதிரே முன்னாள் வீரர்கள் பதின்மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தது இந்த ஓய்வூதியப் பிரச்சினைக்காகத்தான்.

நேபாளம் படிப்படியாகவே இறங்கி வந்தது. 2008-இன் வெளிநாடுவாழ் நேபாளியர் சட்டம் அடையாள அட்டை தந்தது. அட்டை உள்ளவர் குடியிருக்க மட்டும், வரம்புக்கு உட்பட்டு நிலம் வாங்கலாம். காத்மாண்டு பள்ளத்தாக்கில் அந்த வரம்பு 2 ரோபனி, சுமார் 11,000 சதுர அடி. வீடு கட்டப் போதும். உழுது வாழ இடமில்லை. 2015 அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு ஒரு படி மேலே போய், முன்பு நேபாளக் குடிமகனாக இருந்தவருக்கும், பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டி அப்படி இருந்தவருக்கும் வெளிநாடுவாழ் நேபாளக் குடியுரிமை வழங்க இடம் தந்தது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உண்டு, வாக்கு கிடையாது. அதைச் செயல்படுத்தும் திருத்த மசோதாவில் 2022-இல் குடியரசுத் தலைவர் பித்யா தேவி பண்டாரி கையெழுத்திடவில்லை. அவருக்குப் பின் வந்த ராம் சந்திர பௌடேல் 2023 மே 31 அன்று ஒப்புதல் தந்தார். அதற்குள் இரண்டாம் உலகப் போர்த் தலைமுறை அநேகமாக மறைந்துவிட்டது. துல் பகதூர் புன் 2011-லேயே நேபாளத்தில் காலமாகியிருந்தார்.

அந்த 14-ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு: தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளில் வாழ்பவருக்கு இந்தக் குடியுரிமை கிடையாது. பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வு பெற்று பிரிட்டிஷ் குடிமகனானவர் இதைக் கோரலாம். இந்தியப் படையிலிருந்து ஓய்வு பெற்று டேராடூனில் தங்கி இந்தியக் குடிமகனான நேபாளி கோர முடியாது. இந்தியாவில் தங்கவும் சொத்து வாங்கவும் அவர் குடியுரிமை மாற வேண்டிய கட்டாயமே இருக்கவில்லை; 1950 இந்திய–நேபாள நட்பு ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு நேபாளக் குடிமகனுக்கே அந்தச் சலுகைகளைத் தருகிறது. பிள்ளைகளின் படிப்பு, அரசு வேலை என்று ஏதோ ஒன்றுக்காக மாறியவருக்கு, ஊரில் விட்டுவந்த பங்கு நிலத்தின் மேல் உரிமை கோர இந்தக் கதவும் அடைபட்டே இருக்கிறது.