ஆற்றை அளந்த சட்டம்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. அது சிக்கனத்துக்காகச் சொல்லப்பட்ட புத்திமதி. ஆனால், ஆற்றில் அழுக்கை விடுவோனையும் அளந்து விடுமாறு கட்டளையிட்ட சட்டமொன்று நம் நாட்டிற் பிறந்தது. கடலைக் காக்க விரும்புவோர் அதன் வரலாற்றை அறிதல் நன்று.

செம்பனை எண்ணெய் ஆலையின் பழுப்புநிறக் கழிவுநீர் நஞ்சன்று. எனினும் ஆற்றிற் கலந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறி மாள்கின்றன. 1960-களிலும் 1970-களிலும் கித்தாக் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின, ஆலைகள் பெருகின, அவற்றின் கழிவு ஆறுகளின் வழியே கடலை நோக்கிச் சென்றது. எண்ணெயின் இலாபம் ஆலைக்காரருக்கு; நாற்றமும் நட்டமும் ஆற்றோரத்து ஏழைக்கும் கழிமுகத்து வலைஞனுக்கும்! இதனைத் தலைவிதியென்று சொல்லிச் சும்மாயிருத்தல் அறிவுடைமையாகுமோ?

1974-ம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறிற்று. 1977-ல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் லிட்டர் ஒன்று ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைத் தின்னக்கூடியது. அதனை ஒரே நாளில் ஒழித்துவிடுக என்று விதி கூறவில்லை. 1978-ல் 5,000, 1979-ல் 2,000, 1980-ல் 1,000, 1981-ல் 500, 1982-ல் 250, 1984-ல் 100 எனப் படிப்படியாக வரம்பை இறக்கிற்று. உரிமக் கட்டணமும் அழுக்கின் பாரத்தைப் பொறுத்தே அமைந்தது: வரம்புக்குள் டன்னுக்கு 10 வெள்ளி, மீறினால் 100 வெள்ளி. முதலாண்டில் மீறியோர் பணங்கட்டித் தப்பலாம். அடுத்த ஆண்டு முதல் வரம்பே கட்டாயமாயிற்று.

ஆலையோரங்களிற் குளங்கள் வெட்டப்பட்டன. நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றன. கழிவின் ஒரு பகுதி செம்பனைக்கே எருவாயிற்று. 1975-ல் ஏறத்தாழ 13 இலட்சம் டன்னாயிருந்த எண்ணெய் உற்பத்தி 1985-ல் 41 இலட்சம் டன்னாயிற்று. ஆறுகளில் விழுந்த அழுக்கோ பெரிதுங் குறைந்தது. சட்டம் வந்தால் தொழில் சாகும் என்னும் அச்சம் பொய்யாயிற்று.

நிலத்தழுக்கைத் தடுக்காமற் கடலைக் காத்தல் இயலாது என்பதை உலகமும் உணர்ந்தது. 1982-ல் வகுக்கப்பட்ட கடற்சட்ட உடன்படிக்கையின் 207-ம் பிரிவு, ஆறு, கழிமுகம், குழாய் முதலியவற்றின் வழியே கடல் சேரும் அழுக்குக்கு எதிராக நாடுகள் சட்டமியற்ற வேண்டும் என்கிறது. மலேசியா 1996-ல் அதனை ஏற்றது.

ஆயினும், சட்டம் ஏட்டிலிருந்தால் மட்டும் போதுமா? 2019 மார்ச்சில் ஜொகூரின் கிம் கிம் ஆற்றிற் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் மாணவர் பலர் நோயுற்றனர். பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அன்றும் சட்டம் இருந்தது. ஆற்றங்கரையிற் காவற்கண் இல்லை.

ஆதலின், தோழர்களே! கடலின் காவல் ஆலையின் வாய்க்காலிலே தொடங்குகிறது. ஆற்று நீர் நிறம் மாறக் கண்டால் ‘நமக்கென்ன’ என்று கடந்து செல்லற்க. சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுதுங்கள். எழுத இயலாதார்க்கு எழுதித் தருதல் நம்போன்ற கிராணிமாரின் கடமை. முதலாளியின் கணக்கை எழுதும் கை, ஆற்றின் கணக்கையும் எழுதட்டும்.