ஆலயத்திற் பணிசெய்தோரும் பாடினோரும்

காரைக்கால் என்றவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் முதற்கண் எழுவது அம்மையார் திருப்பெயரே. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் இரண்டனையும் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அவர் பாடியருளினர். தேவாரம் பாடிய மூவர்க்கும் முற்பட்டமையால் அவை 'மூத்த' என்னும் அடை பெற்றன. இறைவனை இசையால் வழிபட்ட பழமை அங்ஙனம் இவ்வூர்க்கு உண்டு. அவ்வூரிலேயே தூய தேற்றரவு அன்னை ஆலயத்து மணியோசையும் நாள்தோறும் எழுகின்றது. கடற்கரை ஓரத்துக் கிறிஸ்தவ ஆலயங்களில் யார் பணிசெய்தனர், எவ்விசையிற் பாடினர், யாரோடு அமர்ந்து பாடினர் என்னும் ஆராய்ச்சியை யாம் பல்லாண்டாக மேற்கொண்டுள்ளோம். நம் வேளாளர் குலத்துச் சான்றோர் பலரைப்பற்றி நம் சங்க வெளியீட்டில் எழுதியாயிற்று. கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய நம்மவரைப்பற்றி எழுதினார் சிலரே. ஆதலின் ஈண்டு அதனைச் சிறிது விரிப்பாம். பெருமைக்குரியதும் நாணத்தக்கதும் ஒருவர் வாழ்விலேயே கலந்து கிடத்தல் இச்சரிதத்திற் காணப்படும் என்பதை முன்னரே சொல்லிவைக்கின்றோம்.

ஆலயப்பணி என்றால் பாதிரிமாரை மட்டுமே எண்ணுவார் பலர். பாதிரிமார் கப்பலில் வந்தனர், சிலர் சில்லாண்டில் மாண்டனர், சிலர் திரும்பினர். வேதபாடம் சொல்லியும், நோயாளிகளைக் கண்டும், பாதிரியார் வாரா நாளிற் செபம் நடத்தியும் சபையைக் காத்தவர் உபதேசியார். விளக்கேற்றி மணியடித்து ஆலயத்தைப் பேணியவர் கோயிற்பிள்ளை. பாட்டெடுத்துக் கொடுத்தவரும் பெரும்பாலும் உபதேசியாரே. இவர்கள் ஊதியம் சிறிது. பெயரும் ஏடுகளில் அருகியே காணப்படும்.

காரைக்கால் 1739 ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதற்கு முன்னரே, வடக்கே ஏறக்குறையப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில், 1620 முதல் டேனியர் கோட்டை கட்டி வாழ்ந்தனர். அவ்வூரில் 1706 சூலையில் சீகன்பால்கு ஐயரும் புளுட்சௌ ஐயரும் வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715 இற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டனர். 1718 இற் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. செர்மானியப் பாட்டுக்கள் தமிழாக்கப்பட்டு, செர்மானிய மெட்டிலேயே பாடப்பட்டன. ஞானப்பாட்டு என வழங்குவன இவையே.

இவற்றைப்பற்றித் தமிழாசிரியராகிய யாம் ஒன்று கூறவேண்டும். நம் மொழியிற் குறிலும் நெடிலும் பொருளையே வேறுபடுத்துவன. 'கல்' என்பதை நீட்டினாற் 'கால்' ஆகும். 'மனம்' நீண்டால் 'மானம்' ஆகும். செர்மானிய மெட்டோ தன் அளவுக்கேற்ப ஒவ்வோரசையையும் நிறுத்தி நீட்டும். வந்த பாதிரிமார் கல்வியிற் குறைந்தாரல்லர். பப்ரிசியுஸ் ஐயர் போன்றார் தமிழில் ஆழ்ந்த புலமையுடையர். ஆயினும் மெட்டு முன்னே நின்று சொல் பின்னே இழுபட்டவிடத்துத் தமிழ்ச்செவி இடர்ப்படும். பள்ளியில் யாப்புச் சொல்லுங்கால் யாம் இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வதுண்டு. பழகிய செவிக்கு அவ்விசை இனிதாதலும் உண்டு. தலைமுறை தலைமுறையாய் அதனைப் பாடிக் கண்ணீர் சொரிந்தார் பலர். ஆதலின் அதனை முற்றும் இகழ்தல் முறையன்று.

இனிப் பணியாளரைப் பார்ப்போம். 1733 டிசம்பரில் ஆரோன் என்பார் தரங்கம்பாடியிற் குருப்பட்டம் பெற்றனர். புரொட்டஸ்டாண்டு சபையிற் பட்டம் பெற்ற முதற் றமிழர் இவரே. கடலூரிற் பிறந்தவர், நம் குலத்தவர். இதனைச் சொல்லி மகிழ்வார் உளர், யாமும் மகிழ்ந்தோம். ஆனால் 1741 இல் இரண்டாம் போதகரைத் தெரிந்தகாலை நிகழ்ந்ததையும் உடன்சொல்லுதல் வேண்டும். தஞ்சை நாட்டிற் பல்லாண்டு உபதேசியாராய் உழைத்து இடையூறுகளைத் தாங்கிய இராசநாயக்கன் என்பார் அப்பொழுது எண்ணப்பட்டார். தியோகு என்பாரே பட்டம் பெற்றார். இராசநாயக்கன் பறையர் எனப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். அவர் கையால் இராப்போசனம் பெற மேற்சாதியார் இசையார் என்பதே தடையாயிற்று. அவர் பின்னும் உபதேசியாராகவே உழைத்தனர்.

நான்காண்டு கழிந்து புதுச்சேரியில் ஒன்று நிகழ்ந்தது. ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபர்ச் செய்தியாக அதனை எழுதிவைத்துள்ளார். ஆங்குள்ள கத்தோலிக்க ஆலயத்தில் வடபாற் சுவரொன்று எழுப்பி, தாழ்த்தப்பட்டோரை ஒருபுறமும் ஏனையோரை மறுபுறமும் இருத்தியிருந்தனர். காரைக்காலிலிருந்து சென்ற பாதிரியார் ஒருவர் அதனைக் கண்டு, அம்மக்களைத் தூண்டிப் பெரிய பாதிரியாரிடம் முறையிடச் செய்தார். யாவரும் உமக்குப் பிள்ளைகளாயின் இச்சுவர் எதற்கு என்பதே முறையீட்டின் கருத்து. பெரிய பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். நம்மூர்ப் பெயர் இவ்வாறு அவ்வேட்டிற் பதிந்தது. காரைக்காலார் அறிந்து வைத்திருத்தற்குரிய செய்தி இது. அறிந்தாரோ மிகச் சிலர்.

இச்சரிதத்தில் நடுநாயகமாக விளங்குபவர் வேதநாயக சாஸ்திரியார். இவரும் வேளாளர். 1774 செப்டம்பரில் நெல்லைச் சீமையிற் பிறந்தவர். தந்தையார் தேவசகாயம், அவரும் பாவலர். சுவார்ட்சு ஐயர் இச்சிறுவனது அறிவைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றனர். பின்னர்த் தரங்கம்பாடியில் ஜான் ஐயர் முதலியோரிடம் வேதநூலோடு கணிதமும் வானநூலும் பயின்று, தஞ்சையில் ஆசிரியத் தலைமை பூண்டனர். தஞ்சை மன்னர் சரபோசியும் சுவார்ட்சு ஐயரது அரவணைப்பில் வளர்ந்தவராதலின் இருவரும் இளமை நண்பராயினர்.

1800 அளவிற் றோன்றிய பெத்லகேம் குறவஞ்சியிற் சாஸ்திரியாரது திறம் நன்கு புலப்படும். குறவஞ்சி என்பது உலாவரும் தலைவனைக் கண்டு தலைவி காதலுற, குறத்தி குறிசொல்லும் நாடகம். அவ்வமைப்பைச் சிதையாமற் கொண்டு, சீயோன் குமாரியைத் தலைவியாக்கி, விசுவாசத்தைக் குறத்தியாக்கினர். புள்வேட்டையாடும் சிங்கனும் நூவனும் மாந்தருயிரை அன்பினாற் பிடிக்கும் நற்செய்திப் பணியாளராகின்றனர். குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் கூறுமிடத்திற் புதிய பூகோளச் செய்திகள் வருகின்றன, வானநூலும் வருகின்றது. இராகமும் தாளமும் நம்முடையன. உபதேசியாரது உழைப்பை இத்துணை இனிமையாக நாடகத்திலேற்றியவர் வேறொருவர் இலர் என்பது எம் துணிபு.

பின்னர் நேர்ந்த பிணக்குத்தான் வருந்தத்தக்கது. சுவார்ட்சு ஐயர் 1798 இல் மறைந்தார். சாஸ்திரியாரைப் போற்றிய முதியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைய, 1820 ஐ ஒட்டிப் புதிய மிஷனரிமார் வந்தனர். அவர்கள் செய்தவற்றுள் நான்கனைச் சாஸ்திரியார் கொடுமை என எழுதினர். பப்ரிசியுஸ் ஐயரது வேதமொழிபெயர்ப்பை மாற்றத் தொடங்கியது ஒன்று. திருமணத்தினும் விழாவினும் மலர் சூட்டலை விலக்கியது ஒன்று. தமிழிசைப் பாட்டை ஆலயத்தினின்றும் சடங்குகளினின்றும் நீக்கியது ஒன்று. எல்லாச் சாதியாரும் கலந்து அமர்ந்து ஒரே பாத்திரத்திற் பருகுக என வற்புறுத்தியது மற்றொன்று. முடிவில் 1829 இற் சாஸ்திரியார் மிஷன் பணியினின்றும் நீக்கப்பட்டனர். அந்நிலையிற் கைகொடுத்தவர் சைவராகிய சரபோசி மன்னரே. அவரும் 1832 இற் காலஞ்சென்றனர்.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்தெடைபோடுவார் நம்மிற் பலர். யாம் அங்ஙனம் செய்யோம். மொழியும் மலரும் இசையும்பற்றி அவர் வாதித்தவிடத்து அவரோடு முழுதும் உடன்படுகின்றோம். பிறர்க்குத் தீங்கு செய்யாத ஒரு நாட்டு வழக்கத்தை, அந்நாட்டின் நெஞ்சறியாதார் வந்து விலக்குதல் ஏன்? ஆனால் பாயைத் தனியே விரித்து ஒரு சாராரைப் புறத்தே இருத்திய வழக்கத்தையும் அவ்வாதத்திற்குள் இழுத்துக்கொண்டது பெரும்பிழை. மலர் யாரையும் புண்படுத்தவில்லை. பிரித்து விரித்த பாய் புண்படுத்தியது. இராசநாயக்கனுக்கு நேர்ந்ததை அறிந்தார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பாவலர் பாட்டிற் காட்டிய பரந்த நெஞ்சை வழக்கிற் காட்டிற்றிலர். நம் குலத்தவரென்பதற்காக இதனை மறைத்தெழுதுதல் எமக்கு உடன்பாடன்று. சங்கத்துப் பெரியோர் சினப்பினும் பொறுத்தருள்க.

1833 இற் கல்கத்தா அத்தியட்சர் வில்சன், சபையிற் சாதிவேற்றுமை முற்றும் ஒழிக என ஆணை விடுத்தனர். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். ஆணை பிறந்தும் வழக்கம் உடனே அழிந்திலது. வெளியேறினார் சிலர் வேறு சபையிற் புகலடைந்தனர்.

பாட்டின் கதி வேறுவிதமாயிற்று. தஞ்சையில் விலக்கப்பட்ட கீர்த்தனைகளைத் திண்ணைகளிலும் வீடுகளிலும் மக்கள் பாடிக்கொண்டேயிருந்தனர். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சார்ந்த வெப் ஐயர் அவற்றின் அருமையை உணர்ந்து, 1853 இற் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டனர். அத்தொகுதியிற் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. அப்பொழுது சாஸ்திரியாருக்கு அகவை எழுபத்தொன்பது. தாம் புறந்தள்ளப்பட்ட பாட்டுக்கள் ஆலயத்துட் புகுந்ததைக் கண்ட பின்னரே 1864 சனவரியில் அவர் உயிர் நீத்தனர்.

காரைக்கால் போன்ற கத்தோலிக்க ஊர்களிற் பூசை நெடுங்காலம் இலத்தீன் மொழியிலேயே நிகழ்ந்தது. தமிழ்ப்பாட்டுக்கு ஆலயத்தின் புறத்தே, தேர்ப்பவனியிலும் செபக்கூட்டத்திலுமே இடம் மிகுதி. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப்பற்றி வெளியிட்ட ஏட்டின் பின்னரே பூசையிலும் தமிழ் ஒலிக்கலாயிற்று. நாதசுரம் வாசலில் நின்றது போய், ஆர்மோனியமும் தபேலாவும் பீடத்தருகே அமர்ந்தன. இக்காலத்து மின்விசைக் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றின் இரைச்சலிற் சொல் கேளாதொழிவதைப்பற்றி எமக்குக் குறையுண்டு.

தரங்கம்பாடி ஆலயத்தில் இன்று ஒரே ஆராதனையில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. அடுத்த முறை ஆங்குச் செல்லும் நம் இளைஞர், கீர்த்தனைப் புத்தகத்தைக் கையிலெடுத்தால், ஆக்கியோர் பெயரைப் பார்க்கக்கடவர். இராசநாயக்கன் பெயர் அதில் இராது. அதனை இக்கட்டுரையினின்றும் எழுதிக்கொள்க.